ஷிஃபாவிடம் நான் சொன்னது

5 ஜூலை, சனி

விடிந்ததிலிருந்து மழை. துணி காயவில்லை.

தவறை முதலில் எழுதிவிடுகிறேன். நேற்று மகள் தர்ஷினி குளித்துக்கொண்டிருந்தபோது அவள் கைப்பேசி அடித்தது. ஷிஃபா என்று பெயர். பாலிடெக்னிக்கில் கூடப் படித்தவள். செப்டம்பரில் நிக்காஹ். எடுத்தேன். கல்யாணத்துக்கு முன் தோழிகள் ஐந்து பேரும் இரண்டு நாள் எல்லை தாண்டி மலாக்கா போகிறார்களாம்.

“ஆன்ட்டி, தர்ஷ் கன்ஃபர்மா வர்றாள்ல? ரூம் புக் பண்ணணும், அதான்.”

நான் சொன்னது, சொன்னபடியே: “எம் பொண்ணு உங்களுக்கெல்லாம் பேங்க் இல்ல. ஒங்கப்பா தேக்காவுல கடை வச்சிருக்காரு, நீ சுத்துவ. இவ கடன் வாங்கி உங்ககூட சுத்துறா. அவள விட்டுடு.”

“சாரி ஆன்ட்டி” என்று வைத்துவிட்டாள்.

கடன் என்பது எனக்குத் தெரிந்த சங்கதி அல்ல. வாயில் வந்தது.

தர்ஷினி தலையைத் துவட்டிக்கொண்டே வந்து யாரென்று கேட்டாள். ராங் நம்பர் என்றேன். ஆகத் தவறு இரண்டு.

ஏன் பேசினேன் என்பதையும் எழுத வேண்டும். அடுத்த ஞாயிறு என் நாத்தனார் புஷ்பாவின் மகனுக்குக் கல்யாணம். மொய்க் கவரில் முந்நூறு வெள்ளிப் பணம் வைக்க வேண்டும் என்று தர்ஷினியிடம் கேட்டிருந்தேன். “அடுத்த வாரம் தரட்டாமா?” என்றாள். இருபத்தாறு வயது. கிளினிக் வேலை. கையில் முந்நூறு இல்லையா? போன வாரம்தான் ஒரு படம் காட்டினாள். ரொட்டி மேல் பழத்தை அடுக்கித் தேன் ஊற்றியது, இருபத்திரண்டு வெள்ளி. அநியாயம்.

மாலை: கால் வலி. மருந்து நாலு நாளைக்குத்தான் இருக்கிறது.

6 ஜூலை, ஞாயிறு

மேகமூட்டம். தேக்கா சந்தை. ஆட்டிறைச்சி அரைக்கிலோ, முருங்கைக்காய், வெற்றிலை, பிளவுஸ் தைக்கக் கொடுத்தது. மீன்கடையில் ஒரு கிழவர்: “நேத்து வெலையச் சொல்லுலா, இன்னிக்கு வெலைய சொன்னா நெஞ்சு அடைக்குது.”

புஷ்பாவை மாடியில் சேலைக் கடையில் பார்த்தேன். “அண்ணி, நீங்க முன்னாடியே வந்துடணும். முன்வரிசைல ஒக்காரணும்” என்றாள். பிறகு காதருகில்: “போன தடவை உங்க கவர பத்தி எங்க வீட்டுல எல்லாம் பேசிக்கிட்டாங்க.”

மகிழ்ச்சியாக இருந்தது. எழுதவே வெட்கம், ஆனாலும் இருந்தது.

இவளேதான் பதினான்கு வருடத்துக்கு முன், என் கணவர் இறந்த வருடம், ஒரு கல்யாண மண்டபத்தில் எல்லோரும் கேட்கச் சொன்னவள்: “அண்ணிகிட்ட கவர் கேக்காதீங்க, பாவம், அவங்ககிட்ட ஏது.” அன்று முதல் என் கவர் எந்த மண்டபத்திலும் மெலிந்ததில்லை. பாலர் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சமைக்கிறேன். ஆறாம் வகுப்போடு நின்றவள். மற்றதெல்லாம் சுவா சூ காங் நூலகத்தில் நானாகப் படித்தது. யாரும் என்னைப் பாவம் என்று சொல்ல வேண்டியதில்லை.

வீட்டுக்கு வந்தால் தர்ஷினி படுத்துக் கிடக்கிறாள். ஞாயிறு மதியம் அவள் வீட்டில் இருந்து நான் பார்த்ததில்லை.

“வெளிய போகலையா?”

“இல்லமா. குரூப்ல யாரும் பேசல.”

நான் கேட்டது கிடைத்துவிட்டது. இறைச்சியைக் கழுவினேன்.

9 ஜூலை, புதன்

கொளுத்துகிற வெயில். மின்தூக்கி பழுது. ஏழு மாடி நடந்தேன்.

இரவுச் சாப்பாட்டின்போது கேட்டேன், பிடிவாதமாகத்தான்: “சம்பளமெல்லாம் எங்க போவுது?”

சண்டை போடுவாள் என்று நினைத்தேன். கைப்பேசியைத் திறந்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். வங்கிக் கணக்கைத் தனித்தனியாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருக்கிறாள். வீடு. பஸ், சாப்பாடு. சேமிப்பு. அம்மா மருந்து. ஃபிரெண்ட்ஸ், மாதம் நூற்றைம்பது. அதற்குக் கீழே: அம்மா கௌரவம். மாதம் இருநூற்றைம்பது.

“இது என்ன?”

“உங்க கவருங்கமா. இந்த வருஷம் மட்டும் நாலு கல்யாணம், ரெண்டு வீடு குடிபோனது, ஒரு காதுகுத்து. அதுலயும் பாதி பேர எனக்கு யாருன்னே தெரியாது. இப்ப அது காலி. அதான் அடுத்த வாரம்னேன்.”

சிரித்துக்கொண்டே சொன்னாள். அதுதான் தாங்கவில்லை.

நூற்றைம்பதில் எப்படி நாலு பேரோடு சுற்றுகிறாய் என்று கேட்டேன். வெளியே போகும் முன் வீட்டில் சாப்பிட்டுவிடுவாளாம். அங்கே தேநீர் மட்டும். அந்த இருபத்திரண்டு வெள்ளி ரொட்டி ஐந்து பேருக்கும் சேர்த்து ஒன்று. ஒவ்வொரு முறையும் கடையைத் தேர்வு செய்வது ஷிஃபா. விலை பார்த்துத்தான் தேர்வு செய்வாள், காரணம் சொல்ல மாட்டாள். “எனக்கு வயிறு ஃபுல் லா, நீ தின்னு” என்று தன் தட்டை இவள் பக்கம் தள்ளுவாள். மலாக்காவுக்கு மற்றவர்கள் கார் எடுக்கலாம் என்றபோது, எல்லையில் உட்லண்ட்ஸ் போய்ப் பஸ் பிடிக்கலாம், அதுதான் ஜாலி என்று அடம்பிடித்தவளும் அவள்தான். தர்ஷினி அதற்காக ஜனவரியிலிருந்து வாரம் பன்னிரண்டு வெள்ளி எடுத்து வைத்திருக்கிறாள்.

அந்தப் பெண்ணிடம்தான் நான் பேங்க் என்றேன்.

சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ரசம் இன்னும் கொஞ்சம் வேண்டுமா என்று கேட்டேன்.

ரொட்டிக்கு இருபத்திரண்டு வெள்ளி என்பது பைத்தியக்காரத்தனம். இதை மட்டும் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

12 ஜூலை, சனி

தூறல். பிளவுஸ் வந்தது. கை இறுக்கம்.

மதியம் தர்ஷினி முந்நூறு வெள்ளியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். புது நோட்டு. எதிலிருந்து எடுத்தாய் என்றேன்.

“மலாக்கா காசு. அதான் போகலையே.”

அப்போது சொல்லிவிட்டேன். நின்றுகொண்டே. போனில் பேசியது, கடன் என்றது, எல்லாம்.

அவள் ஆச்சரியப்படவில்லை. “தெரியும்மா. போன்ல எல்லாம் இருக்கும். யாரு, எத்தன நிமிஷம்னு. ராங் நம்பர்கிட்ட யாராச்சும் மூணு நிமிஷம் பேசுவாங்களா?”

அன்றே தெரிந்திருக்கிறது. எட்டு நாளாக நான் சொல்வேன் என்று காத்திருந்திருக்கிறாள்.

“ஷிஃபா என்ன சொன்னா?”

“உங்கள பத்தி ஒண்ணும் சொல்லல. கடன்னா எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லன்னு கேட்டா. ரூம் காசு நான் போட்டுக்கிறேன், நீ வான்னு கூப்புடுறா.”

“போயேன்.”

“எப்படிமா? இல்ல, கடன் இல்லன்னு எத்தன தடவ சொன்னாலும், வெக்கத்துல மறைக்கிறேன்னுதான் நெனைக்கிறா. இப்ப போனா அவ காசுல போற மாதிரி. பாவம்னு பாப்பாங்க எல்லாரும்.”

பாவம். அந்தச் சொல் எங்கேயிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

அறைக்கு நாளை இரவுக்குள் பேர் கொடுக்க வேண்டுமாம். பணத்தை அவள் மேசை இழுப்பறையில் திரும்ப வைத்தேன்.

13 ஜூலை, ஞாயிறு

வானம் தெளிவு. ஐந்து மணிக்கே எழுந்தேன். முகூர்த்தம் பத்தரை. ஷிஃபாவின் அப்பா கடை பத்து மணிக்குத் திறக்கும். பயணப்பெட்டிக் கடை. ஞாயிற்றுக்கிழமை கல்லாவில் அவள்தான் இருப்பாள். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாது.

செய்ய வேண்டியவை:

நான்: கவரில் ஐம்பது வெள்ளி. என் சம்பளம். மேலே என் பெயர் மட்டும். புஷ்பா பேச்சை எடுத்தால் தொகையை நானே சொல்ல வேண்டும், மெதுவாக அல்ல.

தர்ஷினி: “அம்மா கௌரவம்” என்பதை மூட வேண்டும். அந்தப் பணத்தை என்ன செய்வது என்று நான் கேட்கக் கூடாது. (இது என் வேலை.)

நான்: ஷிஃபாவிடம் நேரில். போனில் இல்லை. அவள் அப்பா பக்கத்தில் இருந்தாலும் சொல்ல வேண்டும்: கடன் இல்லை, நான் பொய் சொன்னேன். பலகாரம் எதுவும் கொண்டுபோகக் கூடாது. அழக் கூடாது.

ஷிஃபா: ஒன்றும் இல்லை. மன்னிக்க வேண்டும் என்றுகூட இல்லை.

தர்ஷினி: இன்று இரவுக்குள் தன் காசில் அறைக்குப் பேர் கொடுக்க வேண்டும்.

நான்: முதலில் கடை, பிறகு மண்டபம். தாலி கட்டும்போது அண்ணி இல்லை என்று புஷ்பா எல்லோரிடமும் சொல்வாள். சொல்லட்டும்.