சீனி போடாத கோப்பி

காஜா பேராங், 13.1.1958, போகி

படுத்தும் தூக்கம் வரவில்லை. பக்கத்துச் செட்டி வீட்டு மீனாட்சியின் முகமே கண்ணுக்குள் நிற்கிறது.

மெர்டேக்கா என்று சுதந்திரம் வந்த பிறகு வரும் முதல் பொங்கல். தலைமுறைகளாக மலாய் பேசி வாழ்ந்தாலும், போகியன்று இந்தச் செட்டிகள் இறந்தவர்களுக்கு இலை போட்டுப் படைப்பார்கள். இறந்தவர்கள் வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு வெளியே காத்திருப்பார்கள். இந்த வருடம் ஓர் இலை மீனாட்சியின் அப்பாவுக்கு. அதில் அவள் கையால் ஏதாவது வைக்கச் சொன்னார்கள். எட்டு வயதுப் பிள்ளை, அப்பா பேயாக வருவார் என்று நடுங்கி அறைக்குள் போகவே மறுத்தாள். அதட்டினார்கள், கெஞ்சினார்கள். நானும் கெஞ்சினேன்.

என் மகள் செல்வி அவள் பக்கத்தில் உட்கார்ந்து, மலாய் மொழியில் ஒன்றே ஒன்று கேட்டாள். உன் அப்பாவுக்கு என்ன பிடிக்கும்? சீனி போடாத கோப்பி என்றாள் மீனாட்சி. பிறகு அவளே கலக்கி எடுத்துப்போய் இலையோரம் வைத்தாள். சூடாக இருக்கிறது, பார்த்துக் குடியுங்கள் என்றும் சொல்லிவிட்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும், "இதெல்லாம் யாருடி சொல்லிக்கொடுத்தா?" என்றேன்.

"கதையிலதாம்மா. பூதத்தப் பார்த்து ஓடுறவன் மாட்டிக்குவான். பசிக்குதான்னு கேக்குறவன்தான் தப்பிப்பான்."

அந்தக் கதைப் புத்தகங்கள் படிப்பைக் கெடுக்கின்றன என்று போன வாரம்தான் கத்தினேன். எந்தப் பாடப் புத்தகம் அவளை இப்படிக் கேட்க வைத்திருக்கும்?

படுக்கும்போது கேட்டாள். "அம்மா, நீங்க வந்தா நான் என்ன வைக்கணும்?"

போர்வையை இழுத்துவிட்டபடி, மீன் கறி என்றேன்.

"காரம் தூக்கலாவா?" என்று கேட்டவள், பதில் வருவதற்குள் தூங்கிவிட்டாள்.