நாற்பது சைக்கிள்களுக்கு இடம்

பிப்ரவரி 4, செவ்வாய்

நாற்பத்து மூன்று டிகிரி. பதினொன்றரை மணிக்குப் பள்ளியின் நீளக் கட்டடத்தின் உட்கூரையிலிருந்து ஒரு காரைத் துண்டு பெயர்ந்து டில்லி ப்ரூவின் வெஜிமைட் தடவிய ரொட்டி மேல் விழுந்தது. டில்லிக்கு ஒன்றுமில்லை. ரொட்டிதான் போயிற்று.

"மிஸ், இதை விபத்துப் பதிவேட்டுல எழுதணும்ல?" என்றாள். ஒன்பது வயது. எங்கள் பில்லகாரா ஊரில் பிள்ளைகளுக்குக்கூடப் படிவங்கள் அத்துப்படி.

வட்டார அலுவலகத்தில் பள்ளிக் கட்டடங்களைக் கவனிக்கும் ரஸ்ஸல் வீக்ஸுக்குப் போன் செய்தேன். மரியாதையான மனிதர். முதலில் மழை உண்டா என்று விசாரித்தார்.

"துண்டு எவ்வளவு பெரிசு, நொலீன்?"

"ஒரு தட்டு அளவு."

"சாப்பாட்டுத் தட்டா? கேக் வைக்கிற தட்டா?"

கேக் தட்டு என்றேன். எழுதிக்கொண்டார். விதி இதுதான்: ஒவ்வொரு கட்டடத்துக்கும் நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் உண்டு. முப்பதுக்குக் கீழே போனால்தான் மாநில நிதியில் புதுக் கட்டடம். எங்களுடையது முப்பத்து நான்கு. "நல்லா வெச்சிருக்கீங்க" என்றார். கிண்டல் இல்லை. அவருக்குக் கிண்டல் வராது.

முப்பது வருஷமாகப் பிள்ளைகளைப் பார்த்து மதிப்பெண் ஏறவில்லையே என்று கத்தியவள் நான். இப்போது இறங்கவில்லையே என்று புலம்பல்.

பிப்ரவரி 19

இன்னும் இரண்டு துண்டு. ஒன்று சாப்பாட்டுத் தட்டு.

மார்ச் 14, வெள்ளி

மழை. நல்ல மழைதான், எல்லாரும் காத்திருந்த மழை. நீளக் கட்டடத்தில் நாலு வாளி வைத்தோம். பிறகு ஏழு.

மாலை டில்லியின் அம்மா கெரின் வந்தாள். வாளிகளைப் பார்த்தபடி நின்றாள். "உங்களைச் சொல்லல நொலீன். ஆனா கிறிஸ்துமஸுக்குள்ள இதுக்கு ஒரு வழி பண்ணலேன்னா மூணு பேரையும் தாராங்கா ஸ்கூலுக்கு மாத்திடுவேன்."

அவளைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இருப்பதே இருபத்தாறு பிள்ளைகள். இருபத்து நான்குக்குக் கீழே போனால் பள்ளியை மூடிவிடுவார்கள். மிச்சப் பிள்ளைகளும் எழுபது கிலோமீட்டர் பஸ்ஸில் தாராங்காவுக்குத்தான். கெரின் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு போனால் கதை முடிந்தது.

ரஸ்ஸலிடம் ஏழு வாளிகளையும் சொன்னேன். ஏப்ரல் ஒன்பதாம் தேதி ஆய்வுக்கு வருகிறாராம். "ஏழுன்னா இருபத்தேழு, இருபத்தெட்டுக்கு எறங்கிடும். நம்பிக்கையா இருங்க."

வீட்டுக்கு வந்து மழைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு ஒரு கோப்பை வைன் குடித்தேன். சந்தோஷமாக இருந்தது. கூரை ஒழுகுவதில் சந்தோஷப்படுகிற தலைமையாசிரியை. சொன்னால் யாராவது நம்புவார்களா?

மார்ச் 23, ஞாயிறு

இப்படியும் நடக்குமா?

தங்கை வீட்டில் மூன்று நாள் இருந்துவிட்டு இன்று மதியம் வந்தேன். பள்ளி வாசலில் பதினோரு வண்டிகள். நீளக் கட்டடத்தின் கூரை வெயிலில் கண்ணைப் பறித்தது. புதுத் தகரம். உள்ளே புது உட்கூரை, வெள்ளை பெயின்ட். பெற்றோர் சங்கத் தலைவன் மெர்வ் கடிகன் நடுவில் நிற்கிறான். என்னிடம் படித்தவன். இப்போது ஆட்டுரோமம் கத்தரிக்க ஆள் கூட்டிப்போகிற காண்டிராக்டர். வயது நாற்பது, இன்னும் நான் அவனுக்கு "மிஸ்"தான்.

"எப்படி மிஸ்? ரெண்டே நாள்! கெரின் வீட்டுக்காரன் ஏணியிலேர்ந்து ரெண்டு தடவ விழுந்தான், ஆனா வேலை சுத்தம்."

எல்லாரும் வரிசையாக நின்று என் முகத்தையே பார்த்தார்கள். அழுதுவிட்டேன். ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்து மெர்வ் ரொட்டியில் சாசேஜ் வைத்துக் கையில் கொடுத்தான். சாப்பிட்டேன். வேறென்ன செய்ய?

மார்ச் 25, செவ்வாய்

மெர்விடம் சொல்லிவிட்டேன். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கேட்டான்.

"அப்போ நாங்க நல்லது செஞ்சதால புதுக் கட்டடம் போச்சு?"

"ஆமா."

"ஒழுகிட்டே இருந்திருந்தா கிடைச்சிருக்கும்?"

"ஆமா மெர்வ்."

கொஞ்ச நேரம் ஜன்னல் வழியாகத் தகரத்தைப் பார்த்தான். "திரும்பக் கழட்டிடட்டுமா மிஸ்? ஒரு ராத்திரி போதும். பழசு எல்லாம் என் கொட்டகைலதான் கெடக்கு."

கூடாது என்றேன். சட்டென்று சொல்லவில்லை. அந்தத் தயக்கத்தை அவனும் கவனித்தான். அதுதான் உறுத்துகிறது.

ஏப்ரல் 9, புதன்

ரஸ்ஸல் வந்தார். வெளுத்த சட்டை, கையில் அட்டை, இடுப்பில் அளவு நாடா. கூரையைத் தட்டிப் பார்த்தார், பாராட்டினார். மதிப்பெண் அறுபத்தொன்று. பட்டியலிலிருந்து பெயர் நீக்கம்.

அதோடு விட்டாரா? அனுமதி இல்லாமல் செய்த வேலை என்பதால், பாதுகாப்புச் சான்று வரும்வரை கட்டடத்தைப் பூட்ட வேண்டுமாம்.

"எப்ப வரும் சான்று?"

"சான்று குடுக்கிறவர் இந்த வட்டாரத்துக்கு ஒருத்தர்தான். அவருக்கு முழங்கால் ஆபரேஷன்."

"ஒழுகினப்போ உள்ள பாடம் நடத்தினோமே ரஸ்ஸல். காரை தலைமேல விழுந்தப்போ?"

"அப்ப அது அனுமதி வாங்கின கட்டடம்" என்றார். அவரே பூட்டினார். பூட்டும்போது என்னைப் பார்க்கவில்லை.

மே 20, செவ்வாய்

குளிர்காலம் வந்துவிட்டது, காலையில் இரண்டு டிகிரி. என் வகுப்பு முன் கட்டடத்து வராந்தாவில். உள்ளே சின்னப் பிள்ளைகள், இடமில்லை. பதினாறு பிள்ளைகள் கையுறை போட்டுக்கொண்டு வகுத்தல் கணக்கு செய்கிறார்கள். எதிரே இந்த ஜில்லாவிலேயே நல்ல கூரை, பூட்டிக் கிடக்கிறது.

டில்லி கேட்டாள்: "மிஸ், அந்தக் கட்டடம் என்ன தப்பு பண்ணிச்சு?"

மே 27

விதிப்புத்தகம் முழுவதும் படித்தேன். இருநூற்றுப் பதினான்காம் பக்கம்: பயன்படுத்தக்கூடிய வகுப்பறை போதாத பள்ளி, மதிப்பெண் எதுவானாலும் புதுக் கட்டடம் கேட்கலாம்.

பூட்டிய கட்டடம் பயன்படுத்தக்கூடியது இல்லையே!

ரஸ்ஸலுக்குப் போன் செய்தேன். பக்க எண்ணை இரண்டு தடவை சொல்லச் சொன்னார். பிறகு, "அந்தப் பக்கத்த இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல" என்றார். குரலில் லேசான பயபக்தி.

ஜூன் 24

கிடைத்துவிட்டது!! இரண்டு கட்டமாகக் கட்டுவார்களாம். மெர்வ் என் அலுவலகத்திலேயே ஒரு குதி குதித்தான். கெரினுக்கும் சொன்னேன். "கட்டினப்புறம் சொல்லுங்க" என்றாள்.

ஜூலை 28, திங்கள்

லாரிகள் வந்தன. தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். எனக்குச் சந்தேகம் வந்தது. மேஸ்திரி சியோனே, ஆறடி நாலங்குல டோங்கா தீவுக்காரர், வரைபடத்தை விரித்துக் காட்டினார்.

"இது வகுப்பறை இல்லீங்க. சைக்கிள் கொட்டகை. நாற்பது சைக்கிளுக்கு."

"எங்ககிட்ட இருக்கறதே இருபத்தாறு பிள்ளைங்க! அதுல ஒண்ணுகூட சைக்கிள்ல வராது. பக்கத்துப் பண்ணையே முப்பது கிலோமீட்டர்!"

"மாநில நிதில எது கட்டினாலும் சைக்கிள் கொட்டகைதான் மொதல் கட்டம். விதி." பிறகு தணிந்த குரலில், "போன மாசம் ஒரு தீவுப் பள்ளிக்கூடத்துல கட்டினேன். பிள்ளைங்க படகுல வருதுங்க."

செப்டம்பர் 5

கொட்டகை முடிந்தது. சொல்லக் கூடாது, ஆனால் அழகாக இருக்கிறது. மூன்று பக்கம் சுவர். வெப்பம் இறங்காத கூரை. வழுக்காத தரை, சக்கர நாற்காலிக்குச் சாய்தளம், குடிநீர்க் குழாய், எட்டு விளக்கு, நாலு மின்விசிறி.

"சைக்கிளுக்கு வியர்க்குமா?" என்று சியோனேயிடம் கேட்டேன்.

"புதுசா கட்டினா புது விதிப்படி கட்டணும். பழைய வகுப்பறைக்குத்தான் ஃபேன் கட்டாயம் இல்ல."

செப்டம்பர் 17, புதன்

அமைச்சர் வந்து திறந்துவைத்தார். படத்தில் சைக்கிள்கள் இருக்க வேண்டும் என்று முந்தாநாள் சொன்னார்கள். மெர்வ் ஊர்க் குப்பைமேட்டுக்குப் போய்ப் பத்தொன்பது சைக்கிள் அள்ளிவந்தான். பதினொன்றுக்குச் சங்கிலி இல்லை. மூன்றுக்கு முன்சக்கரமே இல்லை. எல்லாவற்றுக்கும் பச்சைப் பெயின்ட் அடித்து, நல்ல பக்கம் தெரியும்படி நிறுத்தினான்.

"பில்லகாராவின் பிள்ளைகள் ஆரோக்கியத்தை நோக்கி மிதிக்கிறார்கள்" என்றார் அமைச்சர். கைதட்டினோம். நானும் தட்டினேன். பெயின்ட் காயாத சைக்கிளைத் தொட்டுவிட்டு, பச்சைக் கையோடு போனார் அமைச்சர்.

அக்டோபர் 13, திங்கள்

இரண்டாம் கட்டம் கிடையாது. கடிதம் ஐந்து வரி. விதிகளை மறுபரிசீலனை செய்கிறார்களாம், முடிய இரண்டு வருஷம் ஆகலாமாம்.

வராந்தாவில் முப்பத்தெட்டு டிகிரி. இவன்களுக்கெல்லாம் மனசுன்னு ஒண்ணு இருக்கா? பிள்ளைங்க இங்க வெந்துட்டு இருக்கு — அங்க காத்து வாங்குது சைக்கிளு, சக்கரமே இல்லாத சைக்கிளு! முப்பது வருஷம் வரிசையில நின்னு, படிவம் எழுதி, நன்றி சொல்லி... எதுக்கு?

அக்டோபர் 14, செவ்வாய்

காலை எட்டே முக்காலுக்கு மேசைகளைத் தூக்கச் சொன்னேன். பதினாறு பிள்ளைகளும் கொட்டகைக்குத் தூக்கிப் போனார்கள். சைக்கிள்களைப் பின்சுவரோடு ஒதுக்கினோம். கரும்பலகையை மெர்வ் மாட்டிக் கொடுத்தான். ஒன்பதரைக்கு வகுத்தல் கணக்கு. நாலு மின்விசிறியும் ஓடின. யாருக்கும் வியர்க்கவில்லை.

நானே ரஸ்ஸலுக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன். ஒளித்துச் செய்ய மனம் வரவில்லை.

"அது வகுப்பறை இல்ல, நொலீன்."

"சரி. சைக்கிள் கொட்டகைல பாடம் நடத்தக் கூடாதுன்னு எங்க எழுதியிருக்கு?"

பக்கம் புரட்டும் சத்தம். இருபது நிமிஷம் காத்திருந்தேன். "எங்கயும் இல்ல" என்றார். "ஆனா நாற்பதுல பாதிக்காவது சைக்கிள் நிக்கணும். இல்லேன்னா தேவையில்லாத கொட்டகைன்னு பிரிச்சு எடுத்துட்டுப் போயிடுவாங்க. நவம்பர்ல எண்ண வருவேன்."

நவம்பர் 19, புதன்

எண்ண வந்தார். பிள்ளைகள் நதிகளைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார்கள். பின்வரிசையில் விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். பத்தொன்பது. மெர்வும் நானும் குப்பைமேட்டை மூன்று தடவை சலித்தாயிற்று, இருபதாவது கிடைக்கவில்லை. ஊரில் உருப்படியாக ஒரு சைக்கிள்கூட இல்லை.

மறுபடி எண்ணினார். பத்தொன்பதுதான்.

டில்லி தலையைத் தூக்கி, "நீங்க எங்க கொட்டகைய எடுத்துட்டுப் போகப்போறீங்களா?" என்று கேட்டாள். ரஸ்ஸல் அட்டையில் பேனாவை வைத்தார், எடுத்தார்.

"வெளிச்சம் சரியில்ல" என்றார் என்னிடம். எட்டு விளக்கும் எரிந்துகொண்டிருந்தன. "நாளைக்கு வந்து எழுதறேன்."

இரண்டு மணி நேரம் ஓட்டி வந்தவர், இரண்டு மணி நேரம் திரும்பிப் போனார்.

நவம்பர் 20, வியாழன்

ஏழரைக்கு வந்தேன். ரஸ்ஸலின் வண்டி ஏற்கெனவே நின்றது. பின்வரிசைக் கடைசியில் ஊதா நிறத்தில் ஒரு சின்னச் சைக்கிள். சங்கிலிக்கு எண்ணெய் போட்டிருந்தது. முன்னால் கூடை. கைப்பிடியில் வெள்ளிக் குஞ்சம்.

"இருபது" என்று எழுதினார்.

"யாருதுங்க இது, ரஸ்ஸல்?"

"பொண்ணோடது. அவளுக்கு இப்ப முப்பத்தோரு வயசு." அளவு நாடாவை இடுப்பில் சரியாக மாட்டிக்கொண்டார். "ஓட்டுற நிலைமைல இருக்கணும்னு விதி இல்ல. ஆனா இது ஓடும்."

டீ குடிக்கச் சொன்னேன். நின்றபடியே குடித்துவிட்டுப் போனார்.

டிசம்பர் 12

கெரின் அடுத்த வருஷத்துக்கான படிவத்தைக் கொடுத்தாள். மூன்று பேருக்கும். "உள்ள வந்து பாக்கறீங்களா?" என்றேன். வந்தாள், மின்விசிறிக்கு நேர்கீழே கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். "எங்க வீட்டைவிட நல்லாயிருக்கு" என்றாள்.

நீளக் கட்டடத்துக்குச் சான்று இன்னும் வரவில்லை. இன்னொரு முழங்காலாம்.

பிப்ரவரி 2, திங்கள்

பள்ளி திறந்தது. இருபத்தெட்டுப் பிள்ளைகள். புதிதாக வந்த போலீஸ்காரரின் மகள் ஆறாம் வகுப்பில் சேர்ந்தாள். வீடு நாலு தெரு தள்ளித்தான். சைக்கிளில் வந்திருந்தாள்.

"இதை எங்க வைக்கட்டும், மிஸ்?"

கொட்டகையைப் பார்த்தேன். மேசைகள், பிள்ளைகள், பின்னால் இருபது சைக்கிள். ஓரடி இடமில்லை.

"வேலில சாய்ச்சு வெச்சுடும்மா" என்றேன்.