மூடி

செவ்வாய். பௌர்ணமிக்கு மறுநாள்.

கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலைக் கொட்டகையில் நேற்று வெடித்த குண்டின் சில்லுகளைத் தடயவியல் ஆய்வகத்தில் கழுவிக்கொண்டிருந்தேன். எவர்சில்வர். ஒன்றில் புள்ளி புள்ளியாய்ப் பொறித்த அரைப் பெயர்: "…ங்கோதை". பெயர் பொறித்த ஊசி கடைசி எழுத்தில் வழுக்கி விளிம்பு வரை கீறியிருந்தது. அம்மாவின் பெயர் பூங்கோதை. அவள் கல்யாணச் சீர்ப் பாத்திரம் எல்லாவற்றிலும் அதே வழுக்கல் உண்டு.

அந்தச் சில்லை மட்டும் பதிவேட்டில் எழுதவில்லை.

வீட்டு அலமாரியில் டிபன் டப்பாவின் மூடி மட்டும் இருந்தது.

"டப்பா எங்கம்மா?"

"உன் தம்பிதான் எடுத்துனு போனான், மூணு நாளாச்சு. தொலைச்சிருப்பான், வேற என்ன!"

தம்பி எதிரே உட்கார்ந்து இடக்கையால் சாப்பிட்டான். வலக்கை துண்டுக்குள் இருந்தது.

மூடியை என் பைக்குள் ஒளித்திருக்கிறேன். நாளை சில்லோடு பொருத்திப் பார்க்க வேண்டும். பொருந்தினால் எழுதத்தான் வேண்டும்.

இப்போது அவன் என் கதவுக்கு வெளியே நிற்கிறான். மெதுவாகக் கேட்கிறான்:

"அக்கா, அலமாரில ஒரு மூடி இருந்துச்சே. நீ எடுத்தியா?"