முதல் பக்கத்தில் ஒட்டிய சட்டைகள்

ஆகஸ்டு 5, திங்கள்

காலை முழுதும் மழை. பாப்பாவின் அணையாடை பதினொன்றும் அடுக்களைக் கொடியில். வீடெல்லாம் ஈர வாசனை.

தபால்காரர் வந்தார். அத்தைக்கு ஈப்போவிலிருந்து ஒரு கடிதம். எனக்கு ஒன்றுமில்லை. விலைப்பட்டியல் அனுப்பி இன்றோடு பதினெட்டு நாள். ரப்பர்த் தோட்டங்களில் கணக்கெழுதும் கிராணி, வாத்தியார், மருந்து கட்டுபவர் என்று நூறு வீட்டுக்கு நூறு பட்டியல். நான்கு பக்கம், நல்ல தாள், அச்சு. குழந்தைச் சட்டை, கவுன், தொப்பி. எழுதிப் போட்டால் தைத்துத் தபாலில் அனுப்புகிறோம் என்று. ஓர் ஆர்டர்கூட இல்லை. மிச்சம் நூறு பட்டியல் கட்டிலுக்கடியில்.

"வராததும் நல்லதுக்குத்தான். வந்தா தைக்கணுமே" என்றார் என் வீட்டுக்காரர். சிரிக்க வைக்கப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தங்காக் பக்கத் தோட்டப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த வேலைக் கடிதம் அலமாரியில். உதவி ஆசிரியை. தங்க ஓர் அறை உண்டு, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. மாதக் கடைசிக்குள் பதில் வேண்டுமாம். அவர் கம்பெனி வெள்ளைக்காரர் மூட்டை கட்டுகிறார். கம்பெனி யார் கைக்குப் போகும், இவர் மேசை இருக்குமா, தெரியாது. ஆகவே என் கையிலும் ஒரு தொழில் வேண்டும். பள்ளிக்கூடம் போனால் பாப்பா இங்கே அத்தையிடம், நான் அங்கே. வாரம் ஒருமுறை பஸ். அவளுக்கு இப்போதுதான் ஏழு மாதம்.

அவரோடு பேசி வைத்தது: மாதம் முடிவதற்குள் இருபது ஆர்டர். வந்தால் பள்ளிக்கூடம் வேண்டாம்.

ஆகஸ்டு 8, வியாழன்

பா. இருமுறை தும்மினாள். சளியா? மூச்சில் சத்தம் இல்லை. மூன்று முறை காது வைத்துப் பார்த்தேன்.

தபால்: இல்லை.

காரணங்கள் யோசித்து எழுதினேன்.
1. விலையா? ஜாலான் பெண்டஹாராக் கடைகளைவிடக் குறைவுதான்.
2. தையலா? அவர்கள் தையலைப் பார்க்கவே இல்லையே.
3. விலாசம் தப்பா? நூறும் தப்பாகுமா.
4. நானா?

நான்காவதை அடித்துவிட்டேன். அடித்தும் தெரிகிறது.

ஆகஸ்டு 11, ஞாயிறு

இன்று நடந்ததை முழுக்க எழுத வேண்டும்.

சாப்பாட்டு நேரத்துக்கு ஒரு பெண் வாசலில். கையில் என் பட்டியல், நான்காய் மடித்தது. ஜாசின் பக்கத்துத் தோட்டத்தில் டிரஸர், அதாவது ஆஸ்பத்திரியில் மருந்து கட்டுபவர், அவர் மனைவி. பெயர் சிவகாமி. என் வயதுதான் இருக்கும். மலாக்கா ஆஸ்பத்திரிக்கு யாரையோ பார்க்க வந்தவள், தாளில் இருந்த விலாசத்தைத் தேடிக்கொண்டு காஜா பேராங் வரைக்கும் நடந்தே வந்திருக்கிறாள்.

"நீங்கதானா இந்தக் கடுதாசி போட்டது? நான் யாரோ வெள்ளைக்காரிச்சின்னுல்ல நெனச்சேன்."

"ஏங்க?"

"பின்ன? தமிழச்சி யாராச்சும் பொறக்காத புள்ளைக்குச் சட்டை விப்பாங்களா?"

முதல் பக்கத்தை அவள் விரித்துக் காட்டினாள். நான் எழுதியதுதான். 'விரைவில் தாயாகப் போகும் சகோதரிகளே, வரப்போகும் செல்வத்துக்கு இன்றே ஆயத்தமாகுங்கள். ஆறு சட்டை, ஆறு தொப்பி, ஒரு போர்வை.' மேலே படம்: தொட்டில். வெறுந்தொட்டில்.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரித் தோழி கொடுத்த சீமைக் கடைப் புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. பக்க வரிசைகூட மாற்றாமல் எடுத்து வைத்திருக்கிறேன். என் பாப்பாவுக்கே முப்பது நாள் தீட்டுக் கழியும்வரை அத்தையின் பழஞ்சேலைத் துணிதான். பிறக்கும் முன் ஒரு நூல்கூட வாங்கவில்லை, யாரும் வாங்கவும் விடவில்லை. அதே நான்தான் நூறு வீட்டுக்கு வெறுந்தொட்டில் அனுப்பியிருக்கிறேன்.

சிவகாமி விடவில்லை. "எங்க நாத்தனா ஏழு மாசம். இந்தத் தாள் வந்த அன்னிக்கு எங்க மாமியா உப்பு மொளகா சுத்திப் போட்டாங்க."

"நாத்தனாருக்கா?"

"தாளுக்கு."

அத்தை உள்ளேயிருந்து சிரித்தார். எனக்கும் அடக்க முடியவில்லை. பா.வும் எங்களைப் பார்த்துச் சிரித்தாள்.

ஆனால் சிவகாமி அந்தத் தாளை எறியவில்லை. உள்பக்கத்துப் பொம்மைக் கவுன் படம் பிடித்திருக்கிறதாம். "ஆனா துணி எப்படின்னு தெரியாம யாரு எழுதிப் போடுவா? தொட்டுப் பாக்க வேணாமா? பட்டுன்னு போட்டுட்டு சாக்கு அனுப்பினா யாரைப் போய்க் கேக்கறது?"

பாப்பா போட்டிருந்த கவுனின் ஓரத்தைத் திருப்பிப் பார்த்தாள். தையலை நகத்தால் இழுத்துப் பார்த்தாள். "நல்லாத்தானே தைக்கிறீங்க" என்றாள், என்னைத் திட்டுவது போல.

அவள் போன பிறகு அவரிடம் சொன்னேன். வெட்கம் ஒரு பக்கம். ஆனால் உள்ளே ஏதோ கழன்று விழுந்தது போல் லேசாக இருக்கிறது. என் தையல் இல்லை. நான் இல்லை. முதல் பக்கம்.

ஆகஸ்டு 12, திங்கள்

பண்டார் ஹிலிர் அச்சகம். புதிதாக முதல் பக்கம் அடிக்கக் கேட்டேன். முதலாளி தலைகூட நிமிரவில்லை. மேசை, தரை, நாற்காலி எங்கும் மாதக் கடைசியில் வரும் மெர்டேக்கா சுதந்திர விழாவின் நிகழ்ச்சித் தாள்.

"செப்டம்பர்ல வாங்க டீச்சர்."

"செப்டம்பர்ல எனக்கு வேண்டாமுங்க."

"நாடே காத்துக்கிட்டு இருக்கு, உங்க சட்டை காத்திருக்காதா?"

திரும்பும் வழியெல்லாம் யோசனை. கட்டிலுக்கடியில் நூறு பட்டியல். முதல் பக்கத்தைக் கிழித்தால் அதோடு சேர்ந்த கடைசிப் பக்கமும் போகும், அதில்தான் ஆர்டர் எழுதும் சீட்டு. கிழிக்க முடியாது. மறைக்கலாமே? எதை வைத்து? துணியை வைத்து. தொட்டுப் பார்க்கட்டும்.

ஆகஸ்டு 13, செவ்வாய்

ஜாலான் பெண்டஹாராவில் ராவுத்தர் துணிக்கடை. வெட்டி மிஞ்சிய துண்டு கேட்டேன். அரிசிச் சாக்கு நிறையக் கொடுத்தார்.

"ஊரே கொடித்துணி கேட்டு வருது, நீ கந்தலு கேட்டு வர்றியேம்மா."

உங்கள் கடையில் வாங்கிய துணி என்று பட்டியலில் போடட்டுமா என்றேன், நன்றிக்காக.

"போட்டுத் தொலைச்சிடாதே. அப்புறம் எல்லாரும் நேரா இங்க வந்துருவாங்க. ஒன் யாவாரம் படுத்துரும்."

பா. சளி இல்லை. தும்மல் மிளகாய் வறுத்ததால்தான்.

ஆகஸ்டு 15, வியாழன்

இரண்டு நாளாக வெட்டும் வேலை. பக்கத்து வீட்டு மலாக்காச் செட்டி அக்கா வந்து உட்கார்ந்தார். அவர்கள் வீட்டில் பேச்சு மலாய்தான், தமிழ் நாலைந்து சொல். பூவேலைக் கத்தரியால் அவர் வெட்டும் சட்டை, கட்டை விரல் அளவில், கழுத்து, கை எல்லாம் சரியாக. நான் வெட்டியது பூசணிக்காய்.

மைதாப் பசை. ஒரு தாளுக்கு மூன்று சட்டை: மெல்லிய வாயில் துணி, பாப்லின், பூப்போட்ட சீட்டி. தொட்டில் மறைந்தது. ஆனால் தொட்டிலின் இரண்டு கால்கள் மட்டும் இரு பக்கமும் நீட்டிக்கொண்டு.

அக்கா கொஞ்ச நேரம் பார்த்தார். "துங்கு, அடேக்" என்றார், பொறு தங்கை என்று. என் பேனாவை எடுத்தார். இரண்டு கால்களையும் மேலே இழுத்துக் கம்பமாக்கினார், நடுவில் ஒரு கோடு. மூன்று சட்டையும் கொடியில் காய்கின்றன.

"சந்தேக்" என்றார் அவரே, அழகு என்று. அழகுதான்.

கீழே இருந்த வாசகத்தின் மேல் காகிதப் பட்டை ஒட்டி என் கையெழுத்தில்: 'முப்பது கழிந்த குழந்தைகளுக்கு. தொட்டுப் பாருங்கள். இதே துணிதான் வரும்.'

கடைசிப் பக்கத்தில் பாதி இடம் காலி. அது உறுத்திக்கொண்டே இருந்தது. தோட்டத்து வீடுகளில் எந்தத் தாளைச் சுவரில் குத்தி வைப்பார்கள்? நாள் பார்க்கிற தாளை. அத்தையின் பஞ்சாங்கத்தைப் பார்த்து ஆவணி முதல் தை வரை காது குத்த, பெயர் வைக்க, முதல் சோறு ஊட்ட நல்ல நாட்கள். அதற்குக் கீழே கல்லூரியில் படித்தது கொஞ்சம்: அம்மை குத்த எப்போது கூட்டிப்போவது, பேதியானால் என்ன கொடுப்பது. சட்டை வாங்காதவர்களும் இதை வைத்துக்கொள்ளட்டும். தாள் சுவரில் இருந்தால் கடை அவர்கள் வீட்டில் இருக்கிற மாதிரி.

நூறு தாளுக்கும் கையால். விரலில் மைக்கறை, பசை. எண்பத்தாறு முடிந்தது.

ஆகஸ்டு 17, சனி

ஆவணி பிறந்தது. ஆடி முடியட்டும் என்று அத்தைதான் நிறுத்தி வைத்தார். காலையில் நூறும் தபாலில். எல்லாம் அதே பழைய விலாசங்கள். அவர் பயந்தார், "திட்டி எழுதப்போறாங்க." எழுதினாலும் சரி. யாராவது ஏதாவது எழுதட்டும்.

ஆகஸ்டு 20, செவ்வாய்

வந்துவிட்டது. இரண்டு.

ஒன்று கிளேபாங்கிலிருந்து, என் பட்டியலில் இல்லாத விலாசம். தோட்டத்தில் இருக்கும் தங்கை வீட்டில் பார்த்தாளாம். 'நடுவில் உள்ள சட்டைத் துணியில், ஐந்து மாதப் பையனுக்கு, கொழுகொழு.' அளவுச் சீட்டில் அங்குலம் எழுதவில்லை. கொழுகொழு போதும், எனக்குப் புரிகிறது.

அத்தை உறையை வாங்கிச் சாமி படத்தடியில் வைத்தார்.

ஆகஸ்டு 22, வியாழன்

மொத்தம் நான்கு. முதல் இரண்டும் தைத்து நேற்றே அனுப்பியாயிற்று. பார்சலில் அதே துணியில் பொம்மைக்கு ஆகிற அளவு ஒரு தொப்பி, சும்மா.

பா. கவிழ்ந்து தவழப் பார்க்கிறாள். நான் தையல் மெஷினில் இருந்தபடியே பார்த்தேன். தங்காக்கில் இருந்திருந்தால் கடிதத்தில்தான் படித்திருப்பேன்.

ஆகஸ்டு 24, சனி

ஏழு. ஒருத்தி திட்டியும் எழுதியிருக்கிறாள், முதல் தாளுக்காக. கடைசி வரி: 'பூப்போட்டது இரண்டு அனுப்பவும்.'

ஆகஸ்டு 27, செவ்வாய்

ஒன்பது. ஒன்பதாவது புதிய ஆள் இல்லை. கிளேபாங் அம்மாளேதான், பையனின் அக்காவுக்கும் அதே துணியில் கவுன் வேண்டுமாம். கடிதத்தை அவர் இரண்டு முறை வாங்கிப் படித்தார்.

ஒன்பது என்பது இருபது இல்லை. மூன்று நாள்தான் பாக்கி.

ஆகஸ்டு 29, வியாழன்

பன்னிரண்டு. தபால்காரர் போன பிறகும் வாசலுக்கும் உள்ளுக்கும் நடக்கிறேன். தைக்கும்போது மட்டும் சரியாக இருக்கிறது. பா.வின் துணிகளை மடித்து வைத்தேன், எடுத்துப்போக அல்ல, அத்தைக்கு எது எங்கே என்று தெரிவதற்கு. பால் சூடு எவ்வளவு, எந்தப் பக்கம் படுக்க வைத்தால் தூங்குவாள், எல்லாம் ஒரு தாளில் எழுதத் தொடங்கினேன். முடிக்கவில்லை.

ஆகஸ்டு 30, வெள்ளி

தெருவெல்லாம் கொடி கட்டுகிறார்கள். நாளை விடுமுறை, தபால் கிடையாது. பதிமூன்று. இன்றே பதில் போட்டாக வேண்டும்.

நாலு மணிக்குக் கம்பெனியிலிருந்து வந்தார். நான் தாள் எடுத்து, 'மதிப்பிற்குரிய ஐயா, தாங்கள் அளித்த பணியை' என்பதுவரை எழுதியிருந்தேன். எட்டிப் பார்த்தார்.

"யாருக்கு?"

"பள்ளிக்கூடத்துக்கு. வர்றேன்னு."

"அதுக்குத்தான் புதன்கிழமையே போட்டுட்டேனே, வரலேன்னு."

பேனாவை மூடி வைத்தேன்.

"ஒன்பதுதானே இருந்துச்சு அப்போ?"

"ஒன்பதாவது யாரு? வாங்கினவங்களே திரும்பக் கேட்டாங்க. அதுக்கு மேல எண்ணிக்கிட்டு இருக்கணுமா? கடை சொந்தக் கால்ல நின்னுருச்சு."

"எங்கிட்ட சொல்லலையே."

"நீ தைச்சுக்கிட்டு இருந்தே. சொல்லலாம்னு பார்த்தேன், மறந்துட்டேன்."

மறந்துவிட்டாராம். இரண்டு நாள் நான் செத்துச் செத்துப் பிழைத்திருக்கிறேன். அழுகை வந்தது, உட்கார்ந்து அழுதேன். அழும்போதே எவ்வளவு நிம்மதி. பா.வை மடியில் வைத்துக்கொண்டு அவள் தலையை முகர்ந்துகொண்டே இருந்தேன், அவள் நெளிந்து தப்பிக்கிறவரை.

பிறகு கோபம் வந்தது. எனக்கு வந்த கடிதம். பதில் என் கையால் போக வேண்டாமா? எழுதியதைக் கிழித்துவிட்டு வேறு எழுதினேன். 'என் கணவர் எழுதியது என் முடிவும்தான். மலாக்காவில் எனக்குக் கடை இருக்கிறது.' தபால் நிலையம் மூடும் முன் நானே நடந்து போய்ப் போட்டேன்.

இரவுச் சாப்பாட்டில் அவர் இலைக்கு மட்டும் அப்பளம் வைக்கவில்லை. அத்தை வைத்தார்.