முடிவு தெரியாத ஆட்டம்

தம்மாம், சவூதி அரேபியா,
12.02.1984

அன்பு றபீக்காவுக்கு,

உன்மீதும் நம் மக்கள்மீதும் இறையமைதி நிலவுவதாக. நான் நலம். உன் முழங்கால் வலி தணிந்ததா?

நம் சுல்பிகாவின் கல்லூரிக் கூடைப்பந்து அணி இப்பருவத்தின் முதலிரு ஆட்டங்களையும் வென்ற செய்தி கண்டு களித்தேன். “குமருப் புள்ளைக்கு என்ன விளையாட்டு? ஒரு ஆட்டம் தோத்தாலும் நிப்பாட்டிருவன்” என்று உன் அண்ணன், நம் காக்கா சொல்வதாக எழுதி, என் முடிவைக் கேட்டிருந்தாய்.

மூன்றாம் ஆட்டத்தில் நீ பதிந்தனுப்பிய ஒலிநாடாவை அறைத்தோழர் அறுவரோடு கேட்டேன். பந்தின் ஓசையைவிட உன் குரலே ஓங்கியிருந்தது.

“என்ன புள்ள இவள், பந்த நிலத்துல அடிச்சி அடிச்சி ஓடுறாள்? கையில வெச்சிட்டு ஓட ஏலாதா?”

“உம்மா, அதுதான் சட்டம்! சனம் பாக்குது, சும்மா இரிங்க!” என்று சின்னவள் சுபைறா அதட்டவும் அறையே சிரித்தது.

இருபதுக்கு இருபது. சுல்பிகாவின் கையில் பந்து. “எறி மகள், எறி!” என்று நீ கூவினாய். அத்தோடு நாடா முடிந்துவிட்டது. வென்றார்களா, தோற்றார்களா என்று தோழர்கள் இன்றும் என்னைக் குடைகிறார்கள்.

அடுத்த நாடாவில் ஒரு புறத்தை வீட்டு ஓசைக்கென ஒதுக்கு; அடுக்களையில் நீங்கள் மூவரும் பேசுவதே போதும். உடுத்த மருதமுனைக் கைத்தறிச் சாரம் ஒன்றும் அனுப்பு.

வேலைக்கு ஏற்றிப்போகும் வண்டி வந்துவிட்டது, விரைகிறேன். வெற்றியை அறிந்தபின் இசைவு தருவது எளிது. அறியாமலே எழுதுகிறேன்: ஊரில் மேடைதோறும் பெண்கல்வி முழங்கிய என் வாய் வீட்டில் அடைத்து நிற்காது. வென்றிருந்தாலும் தோற்றிருந்தாலும் சுல்பிகா ஆடட்டும். இம்மடலைக் காக்காவிடமே படிக்கக் கொடு.

உன்
முத்தலிப்