கார் சாவி என் இடுப்பில்

என்னங்க,

புதுக் கார் சாவியைத் தேடாதீர்கள், என் இடுப்பில் இருக்கிறது. களி உருண்டையும் தட்டைப்பயறு குழம்பும் மூடி வைத்திருக்கிறேன். கோபத்தைச் சோற்றில் காட்ட வேண்டாம்.

"தொப்பூர் இறக்கத்துல லாரி ஓட்டுனவன் நானு, எனக்கு எவன் கிளாஸ் எடுத்தான்? புள்ளைகிட்ட சாவியக் குடு" என்று கத்தினீர்களே, அந்தப் பிள்ளையோடு, என் தங்கை பேத்தியோடு, நேற்று டிரைவிங் ஸ்கூல் வண்டியில் பின்சீட்டில் போனேன். மாஸ்டர் கேட்டார்:

"ஏறுனதும் மொதல்ல என்ன பண்ணணும், தர்ஷினி?"

"சாமி கும்பிடணும் சார்."

"அப்புறம்?"

"பாட்டுப் போடணும்."

"பெல்ட்டு?"

"அதான் எலுமிச்சம்பழம் நசுக்கியாச்சே சார்!"

சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர். பதினெட்டு வயது அப்படித்தான் பேசும். மாஸ்டர் காலடியில் இன்னொரு பிரேக் இருக்கிறது, நம் காரில் இல்லை. தர்ஷினி வகுப்பை முடித்து லைசென்ஸ் வாங்கும்வரை சாவி என்னிடம்தான்.

காவேரி

அடியில் இடம் இருப்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். இறங்கும்போது மாஸ்டர், "நீங்களும் கத்துக்கலாமே ஆயா?" என்றார். "எங்க வூட்டுக்காரரக் கேக்கணுங்க" என்றேன்.

இதோ, கேட்டாயிற்று. எல்.எல்.ஆர். போடத்தான் கிளம்பிவிட்டேன்.