மறுமுனையில் இருப்பவர்கள்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி குறைந்ததா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? நான் நலம். பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

எங்கள் கால் சென்டர் மென்பொருளில் ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு ஆப்ஜெக்ட், அதாவது அந்த இணைப்பைத் தாங்கி நிற்கும் ஒரு பதிவு, உருவாகும். அழைப்பு முடிந்ததும் அதை அழிக்க வேண்டும். ஊழியர் திரையை மூடினாலே அழைப்பு முடிந்துவிட்டதாக நினைத்து நிரலை எழுதிவிட்டேன். மறுமுனையில் பேசிக்கொண்டிருந்தவர்களின் இணைப்பு பாதியில் போய்விட்டது.

"என்னம்மா, ஆள் பேசிட்டிருக்கும்போதே கதைய முடிச்சிட்டியே!" என்றார் மேலாளர். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

இந்த ஆண்டும் விடுப்பு இல்லை. அடுத்த ஆண்டும் கிடைக்கும் என்று தோன்றவில்லை. என் கட்டிலை அண்ணன் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தாய். கொடுத்துவிடு. பழைய போர்வையை எனக்கு அனுப்பு. தலையணையை மட்டும் யாருக்கும் தராதே, அம்மா. பேசாமல் இருந்தாலும் மறுமுனையில் நான் இருக்கிறேன்.

பேருந்து வந்துவிட்டது.

உன் மகள்